பங்குக் கிணற்றிலிருந்து ஓர் உலகம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் சேர்ந்து டி அன்ட் டி (டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்) விளையாடுகிறீர்கள்: ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி, ஒரு கதைக்குள் நடக்கும் மேசை விளையாட்டு. விதிகள் ஓரளவு கைவந்துவிட்டன. கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் நீங்கள்தான். வாங்கிய கதைகளில் வரும் பனிமலையும் ஓக் காடும் மேசையில் ஒருவருக்கும் ஒட்டவில்லை. சொந்தமாக ஓர் உலகம் செய்யலாம் என்று மூன்று மாதமாக வரைபடம் கீறுகிறீர்கள். பழைய யாழ்ப்பாண இராச்சியத்தை அப்படியே எடுக்கலாமா, எங்கே தொடங்குவது, தமிழில் நடத்தினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வரைபடத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஐந்து கண்டமும் மூவாயிரம் வருட வரலாறும் விளையாடுபவர்களுக்குத் தெரியவரவே பல மாதம் ஆகும். முதல் நாள் அவர்கள் ஓர் ஊருக்குள் நடந்து வருவார்கள். வெயில். யாரிடமோ தண்ணீர் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருடையது என்பதற்கு உங்களிடம் நல்ல பதில் இருந்தால் பாதி உலகம் முடிந்த மாதிரி. பதினான்கு வருடமாக இந்த விளையாட்டை நடத்துகிறேன். இப்போது எங்கள் வீட்டு வராந்தாவில் நடக்கும் காம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் நீண்ட கதை, ஒரு கிணற்றடியில் தொடங்கியது. நான்காவது வருடமாகப் போகிறது.

ஏன் கிணறு என்று சொல்கிறேன். நம் குடாநாட்டில் மலை இல்லை. ஆறு என்று சொல்ல மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறுதான். காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், உப்பு கீழேயிருந்து 40 அடி ஏறப் பார்க்கும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். அதில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம்.

இந்த ஒன்றே போதும். நிலத்துக்குக் கீழே இரண்டு தண்ணீர். ஒன்று மற்றதைச் சுமந்து நிற்கிறது. மேலே பேராசை கூடினால் கீழே இருப்பது ஏறி வரும். வாங்கிய புத்தகங்களின் பாதாளத்தைவிட இது நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். கோடையில் கிணறு சவர் அடிப்பதை நாக்கால் அறிந்தவர்கள் நாங்கள்.

இதை விதியாக மாற்றுவது லேசு. ஒரு தாளில் வட்டம் கீறி ஆறு பங்காகப் பிரியுங்கள். எங்கள் மேசையில் அதற்கு உப்புக் கணக்கு என்று பெயர். பெரிய தோட்டக்காரர் இரவிலும் இறைத்தால் ஒரு பங்குக்கு நிறம் தீட்டுவேன். நல்ல மழை வந்தால் இரண்டு பங்கை அழிப்பேன். நாலாவது பங்கில் மிளகாய்க் கன்று நுனி கருகும். ஐந்தாவதில் ஆட்டுக்குட்டி வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பும். ஆறாவது நிறைந்தால் கீழே இருப்பது கதைக்கத் தொடங்கும். அந்தத் தாள் எல்லாருக்கும் தெரிய மேசை நடுவில் கிடக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். டி அன்ட் டி விதியில் தண்ணீர் உண்டாக்கும் மந்திரம் முதலாம் நிலைப் பூசாரிக்கே உண்டு. ஒரு தடவைக்குப் பத்துக் கலன். இதை அப்படியே விட்டால் உங்கள் வறட்சி முதல் நாளே செத்துவிடும். பல பேர் மந்திரத்தைத் தடை செய்துவிடுவார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தப் பத்துக் கலனும் எங்கோ ஒரு கிணற்றிலிருந்துதான் வருகிறது என்று வையுங்கள். உப்புக் கணக்கில் ஒரு பங்கு நிறம் தீட்டுங்கள். அடுத்த ஊரில் ஒரு கிழவி வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு படலையில் நிற்கட்டும். எந்த விதிப்புத்தகத்தையும் இப்படித்தான் உங்கள் மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்: ஒவ்வொரு மந்திரத்துக்கும் அது எங்கிருந்து எடுக்கிறது என்று கேளுங்கள்.

சரி, கிணற்றடிக்கு வருவோம். துலாக் கிணற்றைக் கண்டிராதவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். ஆடுகால் என்ற தாங்கு மரத்தில் துலா என்ற நீள மரம் நிற்கும். அதன்மேல் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே ஒருவர் இறைக்கும் வாளியான பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். மூன்றாமவர் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். மூன்று பேர் ஒத்துப்போனால்தான் ஒரு பாத்தி நனையும். இதைவிட நல்ல முதல் காட்சி ஒரு விளையாட்டுக் குழுவுக்குக் கிடைக்காது. ஒருவரையொருவர் தெரியாத பாத்திரங்களைத் துலாவில் ஏற்றி விடுங்கள். யார் மிதிக்கிறார், யார் பட்டை பிடிக்கிறார் என்பதிலேயே குணம் வெளியே வந்துவிடும்.

அப்புறம் பங்கு. ஒரு கிணறு பல பேருக்குச் சொந்தமாக இருந்து, முறை வைத்து இறைப்பது இங்கே பழைய வழக்கம். 1707 இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த நம் வழக்கச் சட்டமான தேசவழமையைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். முன்னோரிடமிருந்து வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், மணமான பின் தேடிய தேடியதேட்டம் என்று சொத்து மூன்றாகப் பிரியும். காணி விற்கப் போனால் பங்காளியை முதலில் கேட்டாக வேண்டும். கற்பனை உலகம் செய்பவர்கள் அரசர்களைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள், சொத்து எப்படிக் கைமாறுகிறது என்று யோசிப்பதில்லை. சண்டைகள் வருவதெல்லாம் அங்கேயிருந்துதான்.

எங்கள் உலகத்தின் முதல் ஊருக்கு உமரிவில் என்று பெயர். கிணற்றில் ஏழு பங்கு, கிழமையில் ஆளுக்கு ஒரு நாள். வெள்ளிக்கிழமைப் பங்குக்காரர் பிள்ளை குட்டி இல்லாமல் இறந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் அந்த நாளுக்காக அடிபடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் விடியும்போது வாய்க்கால் ஈரமாகக் கிடக்கிறது. யாரோ இரவில் துலா மிதிக்கிறார்கள். நான் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான், அரைப் பக்கம்.

மேசையில் கணக்கு வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். எல்லாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க, அவள் மட்டும் கேட்டாள்: “அந்தத் தண்ணி எந்தப் பாத்திக்குப் போயிருக்கு அண்ணை?” என்னிடம் பதில் இல்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: தோட்டத்தின் நடுவில் ஒரேயொரு பாத்தி நனைந்திருக்கிறது, அதில் ஒன்றும் நடப்படவில்லை. மேசை அமைதியாகிவிட்டது. பிறகு மண்வெட்டி எடுத்தார்கள். அந்தப் பாத்திக்குக் கீழே என்ன இருந்தது என்பதுதான் நாலு வருடமாக எங்கள் கதை. அன்றைக்கு நான் பெரிய வரைபடம் ஒன்றை முடித்து வைத்திருந்தால், அவளுடைய கேள்விக்கு இடமே இருந்திருக்காது. உங்கள் குறிப்பில் வெற்றிடம் விடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது இராச்சியத்தைப் பற்றி. எடுக்கலாம், ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். என் முதல் காம்பெயினை 1619 இல், போர்த்துக்கேயர் தலைநகரான நல்லூரைப் பிடிக்கும் தறுவாயில் வைத்தேன். ஆசையோடு நிறையப் படித்துத் தயார் செய்தேன். மேசையில் இருந்த ஐவருக்கும் கடைசி அரசன் சங்கிலியனைப் பற்றி ஒவ்வொரு கருத்து இருந்தது. அரண்மனை எந்தப் பக்கம், கோயில் பழைய இடத்தில் எப்படி இருந்தது என்ற விவாதத்திலேயே இரண்டு மாலை போய்விட்டது. மோசமான விவாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒருவரும் டைஸ் உருட்டவில்லை. அதோடு, முடிவு எல்லாருக்கும் தெரிந்த கதையில் விளையாடுபவர் என்ன தீர்மானித்தாலும் மனதுக்குள் ஒரு கை பின்னால் இழுக்கும்.

அதனால் எலும்பை எடுங்கள், பெயரை விடுங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்து, அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மணற்காட்டில் மணலுக்குள் நிற்கும் பழைய தேவாலயச் சிதைவைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் உலகத்தில் மணல் ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டடத்தை விழுங்கி, வேறொன்றைத் திருப்பிக் கொடுக்கும். திரும்பி வருவது இவர்கள் கட்டியதாக இருக்காது. நெடுந்தீவில் முருகைக்கல் மதில்களுக்கு நடுவே குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. எங்கள் தீவில் அவை செத்துப்போன ஓர் அரசனின் படை. அரசன் இறந்த செய்தி மட்டும் இன்னும் அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை. பறை கேட்டால் வரிசையில் வந்து நிற்கும். கந்தரோடையில் நிற்கும் சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகளையும் ஒரு மாலை வெயிலில் போய்ப் பாருங்கள். என்ன மாற்றலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை, அங்கே நின்றாலே தோன்றும். கடல் கதை வேண்டுமென்றால் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உலகத்துத் தண்டையலுக்கு, கப்பல் தலைவனுக்கு, அந்தத் துணிவைக் கொடுங்கள்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விதிப்படி சாதாரண வேகத்தில் ஒரு நாள் நடை 24 மைல், அதாவது ஏறத்தாழ 39 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை சுமார் 35. ஆக, குடாநாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு பகல் போதும். அந்தப் பகலுக்குள் எத்தனை ஊர், எத்தனை சந்தை, எத்தனை பேச்சுவழக்கு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காம்பெயினுக்கு இவ்வளவு நிலமே தாராளம். கண்டம் வேண்டாம். பயணத்துக்குக் கஷ்டம் வேண்டுமென்றால் கடலையும் காற்றையும் சேருங்கள். சோழகம் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. ஒரு காற்றில் ஒரு பொழுதில் போய்ச்சேரும் தீவுக்கு மறு காற்றில் மூன்று நாள் என்று வைத்தால், மாதத்தைப் பார்க்காமல் ஒருவரும் புறப்பட மாட்டார்கள்.

அடுத்தது நான் ஆறுதலாகச் சொல்ல வேண்டிய பகுதி. யாழ்ப்பாணத்தில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பது சாதிக் கேள்வியாக இருந்தது. கிணற்றை உலகத்தின் நடுவில் வைத்தால் அந்தக் கேள்வி தானாக வந்து மேசையில் உட்காரும். வராதது போல நடிக்கக் கூடாது. விளையாட்டுக்கு முதல் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு, எதை விளையாட விருப்பம், எது வேண்டவே வேண்டாம் என்று கதையுங்கள். விருப்பம் இருந்தால் அந்த அநீதியை எதிர்க்கும் கதையாக எடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பிறப்பாலேயே கெட்ட, பிறப்பாலேயே புத்தி குறைந்த ஒரு கூட்டத்தை உங்கள் உலகத்தில் படைக்காதீர்கள். டி அன்ட் டியின் 2024 விதிப்புத்தகத்திலேயே பலமும் புத்தியும் கூட்டும் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, வளர்ந்த பின்னணிக்கு மாற்றிவிட்டார்கள். நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

போரும் அப்படித்தான். நிலவறை என்றாலே மிதித்தால் வெடிக்கும் பொறி வைப்பது இந்த விளையாட்டில் வழக்கம். எங்கள் மேசையில் ஒருவர் முதல் நாளே “தரைப்பொறி வேண்டாம்” என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாலு வருடமாக எங்கள் உலகத்தில் தரைப்பொறி கிடையாது. கதவு, பூட்டு, தண்ணீர், பொய் இவையே பொறிகள். இன்னொருவர் மாறாக, ஊர் முழுக்க இரவில் மூட்டை முடிச்சோடு நடக்கும் காட்சியை வேண்டுமென்றே கேட்டார். அவருடைய அம்மா, போரில் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வில் நடந்தவர். அந்த இரவை நான் மெதுவாக, டைஸ் இல்லாமல் நடத்தினேன். ஒவ்வொருவரிடமும் ஒரேயொரு கேள்வி: கையில் எதை எடுத்தீர்கள்? ஆகவே யார் எதைத் தாங்குவார் என்று நீங்களாக ஊகிக்காமல் வாய்விட்டுக் கேளுங்கள்.

சாமிகளைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. இன்றைக்கும் விளக்கு எரியும் கோயிலின் தெய்வத்தை உயிர்ப்புள்ளி போட்டு அடித்து வீழ்த்தும் அரக்கனாக்க வேண்டாம். உங்கள் உலகத்துக்குச் சொந்தத் தெய்வங்களைச் செய்யுங்கள். ஆனால் நாம் தெய்வத்தோடு பழகும் முறையைத் தாராளமாக எடுக்கலாம். எங்களிடம் நேர்த்தி என்று ஒரு விதி இருக்கிறது. டைஸ் உருட்டியது தோற்றுவிட்டால், விளையாடுபவர் அந்த இடத்திலேயே ஒரு நேர்த்தி வைத்து அதை வெற்றியாக மாற்றலாம். என்ன செய்வேன் என்று வாயால் சொல்ல வேண்டும், மூன்று செஷனுக்குள், அதாவது மூன்று தடவை கூடி விளையாடுவதற்குள், செய்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் வாங்கிய வெற்றி திரும்பிப் போகும்: பிழைத்தவர் படுக்கையில் விழுவார், திறந்த கதவு மூடிக்கொள்ளும். மரத்தடியில் சூலம் கண்ட இடமெல்லாம் எங்கள் பாத்திரங்கள் இப்போது தங்கள் பாக்கியை எண்ணிப் பார்க்கிறார்கள்.

தமிழில் சரிவருமா என்றால், ஆங்கிலத்தைவிட நன்றாக வரும். நம் பேச்சில் இது, அது என்பவற்றுக்கு நடுவே உது இருக்கிறது. கேட்பவருக்குக் கிட்ட இருப்பதைக் காட்டும் சொல். “உந்தக் கதவு திறக்குது” என்று நான் சொன்னால், கதவு தன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஆளுக்கு உடனே புரியும், முதுகும் நிமிரும். ரோல், செஷன், லெவல் போன்ற சொற்களை அப்படியே விடுங்கள், அவற்றை மொழிபெயர்த்து மினைக்கெட வேண்டாம். உலகத்துக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் தமிழ் தேடுங்கள். பிரபுவுக்குப் பதில் மணியகாரர், உடையார், விதானையார் என்று வைத்தால் யார் யாருக்குப் பணிய வேண்டும் என்று விளக்கவே தேவையில்லை. ஊர்ப்பெயருக்கு நம் ஊர்களின் வால்களை எடுங்கள்: மானிப்பாய், கோப்பாயில் வரும் பாய், இணுவில், கொக்குவிலில் வரும் வில், சுன்னாகம், மல்லாகத்தின் ஆகம். தலையை மட்டும் மாற்றினால் ஈச்சம்பாய், மூதாகம் என்று கேட்டவுடன் நம்பக்கூடிய பெயர்கள் கிடைக்கும்.

விதிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் டி அன்ட் டியின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழாக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இருபது முக டைஸ் கைக்கு வரும்வரை 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு ரின்னில் போட்டுக் குலுக்கி எடுங்கள். காலநிலை, வழியில் எதிர்ப்படுபவர் போன்றவற்றுக்கு நான் இன்றும் நாலு பிளந்த புளியங்கொட்டைதான் போடுகிறேன். வெள்ளைப் பக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். பதினாறு வாய்ப்பில் ஆறு, இரண்டு வெள்ளைக்கு. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நாலு நாலு. ஒன்றுமே விழாததற்கும் நாலும் விழுவதற்கும் ஒவ்வொன்று. கொட்டை தச்சன் செதுக்கியது போல ஒழுங்காக இராது, ஆனாலும் நடுவில் சாதாரண நாளையும் இரு ஓரத்திலும் அபூர்வத்தையும் எழுதிவைக்க இது போதும்.

முதல் சனிக்கிழமைக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், கூட வேண்டாம். கிணறு, அதன் பங்குக்காரர் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசையும் ஒரு பயமும், விளக்கம் இல்லாத ஒரு ஈரம். பத்து ஊர்ப்பெயர்களை ஓரத்தில் எழுதி வையுங்கள், யாரும் திடீரென்று கேட்டால் தடுமாறாமல் சொல்லலாம். விளையாட்டு முடியும்போது “அடுத்த கிழமை எங்கே போகப் போகிறீர்கள்?” என்று கேட்டுப் பதிலை அந்தத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிழமை முழுவதும் அந்த ஒரு வரிக்கு மட்டும் தயார் செய்யுங்கள். மடித்து வைத்த வரைபடத்தையும் எறிய வேண்டாம். அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டும் நாளில் அதிலிருந்து ஒரு மூலையைக் கிழித்து எடுக்கலாம்.